டேனியல் வெட்டின பட்டை

ஜோசுவா ஏழு வயதில் டேனரி டிரம்முக்குள் மாட்டிக்கொண்டான். ஸ்விட்சைப் போட்டது நான்தான்.

டிரம் என்பது, தோல் பதனிடுகிற டேனரியில், ஒரு சின்ன வீட்டு உயரத்துக்கு இருக்கும் மர உருளை. ஈரத் தோலும் மருந்துத் தண்ணீருமாக அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஆம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் வாஷிங் மெஷினை நினைத்து, அதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொள்ளலாம். கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒளிய நல்ல இடமென்று பையன் உள்ளே போய்ப் படுத்திருக்கிறான். நான் கதவை மூடி, போல்ட்டை முடுக்கி, ஓட்டிவிட்டேன். நிமிஷத்துக்கு எட்டுச் சுற்று. நாலு நிமிஷம் கழித்து, தோல் போடாத ஒரு சத்தம் உள்ளேயிருந்து வந்தது. நிறுத்தித் திறந்தேன். முதலில் ஆட்டுத் தோல்கள் வழிந்தன. பின்னாலேயே இவன் வந்தான். தலைகீழாக வந்தவன் நடுவில் ஒருமுறை புரண்டு, இரண்டு காலும் ஒட்டித் தரையில் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கினான். புருவம் பிளந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. பல் இரண்டு போயிருந்தது. ஒன்று கிடைத்தது, மற்றது இத்தாலிக்குப் போன சரக்கோடு போயிருக்கும். இடுப்பு வரைக்கும் ஏறிய தோல் மருந்தின் நீலம் மூன்று மாதம் போகவில்லை.

நம்பாதவர்கள் அப்போதைய முதலாளி இஷ்தியாக் அகமதுவைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் பொய் பேசுகிறவர் இல்லை.

அவன் அம்மா அமிர்தவள்ளி ஷூ கம்பெனியின் தையல் லைனிலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்தாள். பையனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ஷூ அச்சால் என்னை அடித்தாள். ஷூ அச்சு என்றால் கால் வடிவத்தில் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தது. அதன்மேல் தோலை இழுத்துத்தான் ஷூவாக்குவார்கள். மற்றப் பெண்கள் கையில் செல்போன் இருக்கிற மாதிரி அவள் கையில் அது எப்போதும் இருக்கும். நாற்பத்திரண்டாம் நம்பர், இடது கால்.

"உள்ள இன்னா கீதுன்னு பாக்க மாட்டியா?" என்றாள்.

"தோலு கீதுன்னு நெனச்சேம்மா."

இன்னொன்று விழுந்தது. இன்றைக்கும் என் பின்மண்டையைத் தடவினால் குதிகால் எந்தப் பக்கம், விரல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். அவள் புருஷன் லாரியோடு குஜராத் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். இந்தக் கதைக்கும் வரமாட்டான்.

பையன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதை நான் ஊரெல்லாம் சொன்னேன். ஒரே ஒருவர்தான் நம்பினார். ஜோலார்பேட்டையில் குடியிருந்த கோதண்டராமன், பட்டாளத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். அவருக்கு இடது காது கிடையாது. வளையத்தில் தொங்கும்போது கயிறு அறுத்துவிட்டது என்பார் அவர். ஊர் வேறு மாதிரி சொல்லும். ஒருநாள் பஸ் ஏறி வந்து என்னைப் பிடித்தார்.

"நின்னானா?"

"நின்னான் மாஸ்டர்."

"நின்னப்புறம் காலு நகந்துச்சா?"

"ஒரு நூலுகூட நகரல."

அன்றைக்கே போய் அமிர்தவள்ளியிடம் பையனைக் கேட்டார். அவரும் ஓர் அடி வாங்கிக்கொண்டுதான் சம்மதம் வாங்கினார்.

டேனரி மூடிய பிறகு இஷ்தியாக் அகமது ஷெட்டை மாஸ்டருக்கு விட்டுக்கொடுத்தார். டிரம் ஓட்டின நான் வாட்ச்மேன் ஆனேன். அந்த டிரம்மின் இரும்புத் தண்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து இருபத்தெட்டு மில்லிமீட்டருக்கு இழைத்து வாங்கி, தரையிலிருந்து எட்டரை அடி உயரத்தில் கட்டினோம். ஜிம்னாஸ்டிக்ஸில் தொங்கிச் சுற்றுகிற ஹை பார் அதுதான். வளைய வேண்டிய அளவுக்கு அது வளையாது, அதனால் ஜோசுவா வளைந்தான். தண்டு போன டிரம் ஷெட்டின் கோடியில் மரக்கட்டைகள் மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தது. பாருக்கு முன்னால் ஒரு குழி வெட்டி, ஷூ கம்பெனிக் கழிவுத் தோலைக் கொட்டி நிரப்பினோம். கழிவை மூட்டை மூட்டையாகச் சைக்கிளில் கொண்டுவந்தது டேனியல்.

டேனியல் அமிர்தவள்ளியின் கூடப்பிறந்த தம்பி, ஜோசுவாவுக்குத் தாய்மாமன். கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தோல் வெட்டுகிறவன். தோலைக் கன்னத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தானென்றால் அந்த ஆட்டை எந்தக் கையால் ஓட்டினார்கள் என்று சொல்லிவிடுவான்.

பத்து வருஷத்தில் ஜோசுவா உடைத்துக்கொண்டதை வரிசையாகச் சொன்னால் பொழுது போய்விடும். கணுக்கால் இரண்டு தடவை, நடுவிரல் மூன்று தடவை. நாக்கு ஒருமுறை துண்டாகித் தைத்தார்கள். தைத்த பிறகு பேச்சு கொஞ்சம் மரியாதையாக வந்தது. ஒருநாள் பாரை விட்டுப் பறந்தவன் குழியைத் தாண்டி மாஸ்டரின் மேலேயே வந்து விழுந்தான். மாஸ்டருக்கு விலா எலும்பு போயிற்று. விழுந்த இடத்திலிருந்தே அவர், "முட்டி மடங்குச்சு. திரும்பப் போ" என்றார்.

பதினாறு வயதில் இந்தியாவுக்காக முதல்முறை தாஷ்கண்டுக்குப் போனான். அங்கே பாரில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கையில் மாட்டியிருந்த சீமைப் பட்டை கிழிந்தது. மூக்கு போய்க் கம்பியில் மோதியது. விழுந்தால் ஒரு நிமிஷத்துக்குள் மறுபடி ஏற வேண்டும் என்பது சட்டம். நாற்பதாவது செகண்டில் ஏறிவிட்டான், மூக்கு கன்னத்தில் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ரத்தம் ஒரு வட்டம் போட்டது. மூன்றாவது நடுவர் வெள்ளைச் சட்டையில் வந்து சிவப்புச் சட்டையில் வீட்டுக்குப் போனார். ஜோசுவா ஆறாவதாக வந்தான். ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது இரண்டு கண்ணும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அமிர்தவள்ளி மாலை போட்டாள். போட்ட கையோடு மாஸ்டரைத் தேடினாள். மாஸ்டர் இறங்காமல் அதே ரயிலில் ஜோலார்பேட்டைக்குப் போய்விட்டிருந்தார்.

பட்டை என்ன என்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையை மூடுகிற தோல் அது. ஒருபக்கம் மணிக்கட்டில் கட்டியிருக்கும், மறுபக்கம் இரண்டு விரலில் மாட்டியிருக்கும். விரல் பக்கத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு குச்சி தைத்திருக்கும். அந்தக் குச்சிதான் கம்பியைக் கவ்வும். இங்கிலீஷில் கிரிப் என்பார்கள்.

டேனியலுக்குச் சீமைப் பட்டை கிழிந்ததுதான் பெரிய அவமானமாக இருந்தது, மருமகன் மூக்கைவிட.

"உலகத்துக்கே ஷூ போட்டு அனுப்பற ஊர்டா இது. எவனோ வெட்டுன தோல நீ கையில மாட்டிக்கினு போற. நான் வெட்டித் தரேன்."

"கெட்டியா இருக்கணும் டேனியலு," என்றார் மாஸ்டர். "நீளக் கூடாது."

"கெட்டியா கீற ஷூவ எவன் மாஸ்டர் வாங்குவான்? கடிக்கும். தோலுன்னா நீண்டு கொடுக்கணும். போடறவன் ஒடம்புக்கு ஏத்த மாதிரி கொடுக்கணும்."

கையுறை ஆர்டருக்கு வந்த செம்மறித் தோலில் மிச்சமிருந்ததை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினான். கன்னத்தில் தேய்த்தான். எண்ணெய் காட்டினான். வெட்டித் தைத்துக் கொண்டுவந்து மருமகன் கையில் மாட்டினான். அப்படி ஒரு மிருதுவான பொருளை நான் தொட்டதில்லை. மாஸ்டரே தொட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஊரில் எவனைக் கேட்டாலும் நல்ல தோலென்று அதைத்தான் சொல்லியிருப்பான். இரண்டு வாரம் ஜோசுவாவின் கையில் ஒரு கொப்புளம் இல்லை.

மூன்றாவது வாரம் ஜோசுவா, "மாமா, கொஞ்சம் லூசா கீற மாதிரி இருக்கு" என்றான்.

"ஷூ காலுக்குப் பழகற மாதிரிடா. பழகுது."

பொங்கல் கழிந்த மறுவாரம், சனிக்கிழமை காலை. ஜோசுவா பாரில் நெட்டாக நீட்டிப் பெரிய சுற்று சுற்றிக்கொண்டிருந்தான். ஐந்தாவது சுற்றில் வலக்கைப் பட்டை கம்பியை ஒரு சுற்று சுற்றித் தன்மேலேயே படிந்தது. அரை அங்குலம் நீண்டிருந்தது, அதுவே போதுமாக இருந்தது. குச்சி கவ்வியது. கை நின்றுவிட்டது. உடம்பு நிற்கவில்லை.

காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம் இரண்டு தடவை கேட்டது, ஒவ்வோர் எலும்புக்கு ஒன்றாக. முன்கையில் இன்னொரு முழங்கை முளைத்திருந்தது. பட்டை விடாததால் உடைந்த கையிலேயே தொங்கினான். கத்தவில்லை, தைத்த நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான், பிறகு பார்த்தால் தையல் போட்ட இடத்திலேயே மறுபடி பிளந்திருந்தது. மாஸ்டர் என் தோளில் ஏறிக் கத்தியால் பட்டையை அறுத்தார். அறுப்பதற்கு வசதியாகத்தான் இருந்தது. வெண்ணெய் மாதிரி போயிற்று.

வேலூரில் ஆபரேஷன் செய்து கைக்குள் இரண்டு இரும்புத் தகடும் பதிமூன்று திருகாணியும் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டேனியல் நின்றுகொண்டிருந்தான். அமிர்தவள்ளி வந்து, அந்த அறுந்த பட்டையைக் கேட்டு வாங்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அவளும் தோலோடு புழங்குகிறவள்தானே. இழுத்தாள், அது நீண்டு கொடுத்தது. பிறகு ஷூ அச்சை எடுத்தாள்.

முதல் அடியில் டேனியல் உட்கார்ந்தான். இரண்டாவதில் படுத்தான். மூன்றாவதிலிருந்து எண்ணியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். தடுக்கப் போன வார்டு பாய் ஒருவன் அங்கேயே அட்மிட் ஆனான். டேனியல் கையை உயர்த்தவே இல்லை.

"அடிக்கா," என்றான். "நிறுத்தாத."

அதைக் கேட்டதும்தான் நிறுத்தினாள்.

மறுநாள் ரம்பத்தோடு ஷெட்டுக்கு வந்து பாரை அறுக்கத் தொடங்கினாள். நாலு பிளேடு உடைந்தது. பாரில் ஒரு கீறல் விழுந்தது. "இனிமே எம்புள்ள இதத் தொட்டான்னா, நான் இதுலயே தொங்கிடுவேன்" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டர் இருக்கிற ஒற்றைக் காதையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜூனியராக ஜோசுவாவுக்கு அதுதான் கடைசி வருஷம். ஆகஸ்டில் ஆசியப் போட்டிக்குத் தேர்வு. அதை விட்டால் ஜனவரியில் பதினெட்டாகி, மீசை முளைத்த பெரியவர்களோடு போய் நிற்க வேண்டும். அதற்கு ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். மே மாதம் கட்டைப் பிரித்துவிட்டு, கை சேர்ந்துவிட்டது, தொங்கலாம் என்று டாக்டர் சொன்னார். அமிர்தவள்ளி கூடாது என்றாள். ஜோசுவா நாலு நாள் சாப்பிடாமல் இருந்தான். அவள் மூக்கைப் பிடித்துச் சோற்றைத் திணித்தாள். வீட்டில் கதவின் மேல்கட்டையில் தொங்கினான். அவள் கட்டையைக் கழற்றினாள். சுவர் ஒருநாள் சாய்ந்தே போயிற்று.

டேனியல் கம்பெனியில் வெட்டுவதை விட்டுவிட்டான். எந்தத் தோலை எடுத்தாலும் நீளவாட்டில் இழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றான், லைன் காத்துக்கிடந்தது. அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மே கடைசியில் பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏறினான். மரப்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டுப் பதனிட்ட எருமைத் தோல், அதிலும் முதுகெலும்பை ஒட்டிய பாகம், ஒரு துண்டு கொண்டுவந்தான். அதைக் கன்னத்தில் தேய்த்தால் கன்னம்தான் போகும். வெட்டும்போது இரண்டு கத்தி முனை முறிந்தது. தைத்த பட்டையை ஷெட்டின் உத்தரத்தில் கட்டி, மாஸ்டரின் ஸ்கூட்டரை அதில் தொங்கவிட்டான். பதினோரு நாள் தொங்கியது. மாஸ்டர் பதினோரு நாளும் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்தார். இறக்கி இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தால் பட்டை நீளவில்லை. ஸ்கூட்டர் கொஞ்சம் நீண்டிருந்தது.

அக்காவை அழைத்துவந்து காட்டினான். மகனும் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றான். வலக்கை இடக்கையைவிட மெலிந்திருந்தது.

"ஸ்கூட்டருக்கு மணிக்கட்டு கீதா?" என்றாள் அமிர்தவள்ளி.

டேனியல் ஸ்கேலை எடுத்து மறுபடி அளக்கப் போனான்.

"கேக்கறன்ல. ஸ்கூட்டரு சுத்துச்சா? சும்மா தொங்கறது துணிகூடத் தொங்கும். போன தபா வெட்டுனவன் நீ. மாட்டுனவன் எம்புள்ள. இந்தத் தபா வெட்டுனவனே மாட்டு. ஏறு. சுத்து. உங்கை ஒரே துண்டா வந்துச்சுன்னா எம்புள்ள ஏறட்டும். இல்லன்னா பாரையும் பட்டையையும் பாலாத்துல போட்டுட்டு அவன் என்கூட லைனுக்கு வரட்டும்."

"அம்மா, மாமாவுக்கு நாப்பத்தெட்டு வயசு," என்றான் ஜோசுவா.

"தொண்ணூத்தி நாலு கிலோ," என்றார் மாஸ்டர்.

"நல்லது," என்றாள். "எம்புள்ளய விட ஜாஸ்தி. நல்லா தெரியும்."

டேனியல் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அவன் வாழ்க்கையில் தொங்கியதெல்லாம் டவுன் பஸ் படிக்கட்டில் மட்டும்தான். ஜோசுவாவே வந்து மாமன் இரண்டு கையிலும் பட்டையை மாட்டி, மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினான். கட்டும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"இறுக்கமா கீதா மாமா?"

"கடிக்குதுடா."

"கடிக்கணும்."

நானும் மாஸ்டரும் ஆளுக்கொரு தொடையைப் பிடித்துத் தூக்கிக் கம்பியில் சேர்த்தோம். கம்பி, செய்த நாளிலிருந்து முதல்முறையாக வளைந்தது. அமிர்தவள்ளி பின்னால் போய் நின்று, தம்பியின் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். தள்ளினாள் என்பதை அவள் தள்ளுவதைப் பார்க்காதவர்கள் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. முதல் தள்ளில் அவன் கால் விளக்கைத் தொட்டது. இரண்டாவதில் கூரையைத் தொட்டது. மூன்றாவதில் தலைகீழாகக் கம்பியின் மேல் நின்றான். தொப்பை முகத்தை மூடியதால் அவனுக்கு அது தெரியவில்லை. அங்கே ஒரு கணம், போகலாமா திரும்பலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, அந்தப் பக்கமாக இறங்கினான்.

ஒரு சுற்று. இரண்டு. தூண்கள் ஆடின. கூரைத் தகரத்திலிருந்து பத்து வருஷத் தூசு கொட்டியது. ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டை, குச்சியோடு கம்பியில் உரசிக் கிறீச்சென்றது. கவ்வியது, விட்டது, கவ்வியது, விட்டது. ஜோசுவா டேனியலைப் பார்க்கவில்லை. அந்த மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். தன் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்திருந்தான்.

ஐந்தாவது சுற்று முடிந்தது. கை ஒரே துண்டாகத்தான் இருந்தது.

"போதும் டேனியலு, விட்டுடு," என்று கூவினார் மாஸ்டர்.

"எங்க மாஸ்டர் விடறது?"

"முன்னால வரும்போது."

எது முன்னால் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விட்டான். தொண்ணூற்று நாலு கிலோ குழியின் மேலாகப் போயிற்று. மாஸ்டரின் தலைக்கு மேலாகப் போயிற்று. அவர் குனிந்தார், பழக்கம். ஷெட்டின் கோடியில் இருந்த டிரம்மின் வயிற்றில் மோதி, இரண்டு பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போனான். டிரம் கட்டைகளிலிருந்து உருண்டு, அவனை உள்ளே வைத்துக்கொண்டு ஒன்றரைச் சுற்று சுற்றி, சுவரில் முட்டி நின்றது. இந்த முறை ஸ்விட்சை யாரும் போடவில்லை.

பிறகு கதவு இருந்த ஓட்டை வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்தது, பட்டையோடு.

"அக்கா," என்றது டிரம். "அளந்து பாரு."

அமிர்தவள்ளி ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனாள். கையிலேயே வைத்து அளந்தாள். கழற்றி அளந்தாள். திருப்பிப் போட்டு அளந்தாள். ஒரு நூல் நீளவில்லை. பிறகு அந்த மணிக்கட்டை அப்படியும் இப்படியும் முறுக்கினாள். விரலை ஒவ்வொன்றாக இழுத்தாள். ஐந்தும் இருந்தன.

"தோள்பட்டை எலும்பு போய்ட்ச்சுக்கா," என்றது டிரம். "பல்லு மூணு காணோம்."

"அதுக்கும் பட்டைக்கும் சம்மந்தமில்ல," என்றாள். ஷூ அச்சால் அந்தக் கையின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். முந்தினவற்றோடு ஒப்பிட்டால் அதைத் தடவியது என்றே சொல்ல வேண்டும். அப்போது அவள் முகம் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

திரும்பியபோது, உள்ளே கைவிட்டு உருவிய இடக்கைப் பட்டையையும் சேர்த்து மகனிடம் நீட்டினாள். "ஏறு."

ஜோசுவா வாங்கி மாட்டினான். வலக்கையில் மாட்டும்போது இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை மாட்டினான். கம்பியைப் பிடித்துத் தொங்கினான். வெகுநேரம் சும்மா தொங்கினான். மாஸ்டர் வாயைத் திறந்தார். அமிர்தவள்ளி அச்சைத் தூக்கிக் காட்டியதும் மூடிக்கொண்டார். டிரம்முக்குள்ளிருந்து டேனியல் முனகுவது மட்டும் கேட்டது. அவனை எடுக்க வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பையன் காலை வீசினான். ஏறினான், நின்றான், இறங்கினான். ஐந்தாவது சுற்று வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். ஆறாவதில் திறந்தான். ஏழாவதில் விட்டு, காற்றில் இரண்டு முறை புரண்டு, இரண்டு காலும் ஒட்டி வந்து நின்றான். கையைத் தூக்கினான்.

"கையக் காட்டு," என்றாள் அமிர்தவள்ளி. காட்டினான். அவள் முறுக்கிப் பார்த்தாள். "இன்னொரு தபா ஏறு."

ஆகஸ்டில் தேர்வு நடந்தது. இரண்டு பேரை எடுத்தார்கள், இவன் இரண்டாமவன். விமான நிலையத்தில் கைக்குள் இருந்த இரும்புக்காக அவனை நிறுத்தினார்கள். பிறகு பைக்குள் இருந்ததற்காக இன்னொரு முறை நிறுத்தினார்கள். ஷூ அச்சு, நாற்பத்திரண்டாம் நம்பர், இடது கால். எதற்கு என்று கேட்டார்களாம். மாஸ்டரிடம் கொடுக்கச் சொல்லி அம்மா கொடுத்தாங்க, தேவைப்பட்டா எம்மேல போடறதுக்கு என்று சொன்னானாம். மாஸ்டர் இரண்டடி தள்ளி, வேறு வரிசையில் நின்றுகொண்டிருந்தாராம்.

அவன் தேர்வானதைப் பற்றிப் பேப்பரில் எட்டு வரி வந்தது. அதில் டேனியல் சுற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, டிரம்மைப் பற்றியும் இல்லை. இந்தக் காலத்துப் பேப்பரில் எதை நம்புவது?